குடிநீங்கா மென்பொருள்கள்

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பயில்வோர் இரண்டு தொடர்களை அடிக்கடி எதிர்கொள்வர். ஒன்று குடிநீக்கிய தேவதானம், மற்றொன்று குடிநீங்காத் தேவதானம். நிலத்தைக் கோயிலுக்குக் கொடுக்கும்போது, அதில் ஏற்கெனவே உரிமை பெற்றிருந்த குடிகளை அகற்றிவிட்டுக் கொடுப்பது முன்னது. குடிகளை இருந்தபடியே இருக்கவிட்டு, நிலத்தின் வருவாயை மட்டும் மாற்றிக் கொடுப்பது பின்னது. இவற்றோடு காராண்மை, மீயாட்சி என்னும் சொற்களையும் சேர்த்து நினைக்கலாம். உழுது பயிரிடும் உரிமை காராண்மை; அதற்கு மேல் நிற்கும் உடைமை மீயாட்சி. ஒரே வயலில் இவ்விரண்டும் இருவேறு கைகளில் இருப்பது அன்றைக்கு இயல்பான நடைமுறை.

கணினியைப் பற்றிய கட்டுரையில் கல்வெட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பூதலூர் போன்ற ஊரில் இன்று ஒருவர் புதிய மடிக்கணினி வாங்கி வந்து திறந்தால், அவர் கேட்காத பல மென்பொருள்கள் அதில் முன்பே குடியிருக்கின்றன. உலாவி ஒன்று, விளையாட்டுகள் சில, வானிலை, செய்திகள், சில மாதங்களில் காலாவதியாகிப் பணம் கேட்கும் நச்சுநிரல் எதிர்ப்பான் ஒன்று, கணினி செய்த நிறுவனத்தின் சொந்தச் சரக்குகள் இரண்டு மூன்று. இவற்றில் சிலவற்றை நீக்கலாம், சிலவற்றை மறைக்க மட்டுமே முடியும், சிலவற்றைத் தொடவே முடியாது. பணம் கொடுத்து வாங்கியவருக்குக் காராண்மை கிடைக்கிறது. மீயாட்சி எங்கோ இருக்கிறது. நீக்கல், மறைத்தல், தொடவியலாமை ஆகிய இம்மூன்றுக்கும் இடையே கோடு கிழித்தது யார், எப்போது என்பதற்கு நாற்பதாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதனால்தான் இதை எழுத முற்பட்டோம்.

1985 நவம்பரில் வெளிவந்த விண்டோஸ் முதற்பதிப்பிலேயே நோட்பேட், பெயின்ட், கால்குலேட்டர், ஒரு கடிகாரம், ரிவர்சி என்னும் விளையாட்டு ஆகியவை உடன் வந்தன. அப்போது எவரும் முணுமுணுக்கவில்லை. மணப்பெண்ணோடு வரும் சீர்வரிசையைப் போல, வந்தவரை ஆதாயம் என்றே கருதப்பட்டது. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் சொலிடேர் சீட்டாட்டம் வந்தது. பயிற்சிக்கு வந்திருந்த வெஸ் செர்ரி என்னும் இளைஞர் எழுதியது அது. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். சுட்டியால் ஒன்றைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விடும் பழக்கத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுக்கவே அது வைக்கப்பட்டது என்று சொல்வதுண்டு. கற்றுக்கொண்டவர்கள் நிறுத்தவில்லை என்பது வேறு செய்தி. 2006இல் நியூயார்க் நகர மேயர் மைக்கேல் புளூம்பெர்க், ஆல்பனியிலுள்ள தம் நகர நிர்வாக அலுவலகம் ஒன்றைப் பார்வையிடச் சென்றபோது, ஓர் ஊழியரின் திரையில் சொலிடேர் திறந்திருக்கக் கண்டார். அவ்வூழியர் வேலை இழந்தார். ஆட்டம் கணினியிலேயே இருந்தது. நம் ஊர் அலுவலகங்களிலும் அந்தப் பச்சைத் திரையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆயினும் இங்கே அதற்காக எவருக்கும் வேலை போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

சீர்வரிசை வழக்காக மாறியது உலாவியின் வரவால். 1990களின் நடுவில் இணையத்தைக் காண உதவிய முதன்மை உலாவி நெட்ஸ்கேப் நேவிகேட்டர். அது ஒரு தனி நிறுவனத்தின் படைப்பு. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை இலவசமாக விண்டோஸுடன் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. கணினி செய்து விற்கும் நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டு விற்கக் கூடாது என்னும் நிபந்தனையும் விதித்தது. அமெரிக்க அரசு வழக்காடியது. 1997 டிசம்பரில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், உலாவியை ஏற்றுக்கொள்ளுமாறு வற்புறுத்தாமல் விண்டோஸ் 95ஐக் கொடுக்க வேண்டும் என இடைக்கால ஆணையிட்டார்.

அதற்கு நிறுவனம் அளித்த மறுமொழி குறிப்பிடத்தக்கது. உலாவி இல்லாத விண்டோஸ் வேண்டுமென்றால் பழைய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது உலாவிக் கோப்புகள் அனைத்தும் உருவப்பட்டு இயங்கவே இயங்காத பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. நீதிபதி தம் அலுவலகத்தில் ஒரு கணினியில் சோதித்துப் பார்க்கச் சொன்னார். நிரல்களைச் சேர்க்கவும் நீக்கவும் விண்டோஸிலேயே உள்ள பட்டியலின் வழியே தொண்ணூறு நொடிகளுக்குள் உலாவி மறைந்தது, கணினி வழக்கம்போல் இயங்கிற்று. இதை அவர் நீதிமன்றத்திலேயே அறிவித்தார். அங்கே மறைந்தவை உலாவியின் முகப்புப் படமும் அதைத் திறக்கும் வழிகளுமே, அதன் உள்ளுறுப்புகள் இயங்குதளத்தில் அப்படியே இருக்கின்றன என்று நிறுவனம் வாதிட்டது. இரு தரப்பும் சொன்னது உண்மைதான். ‘நீக்குதல்’ என்ற ஒரே சொல்லுக்கு இரு தரப்பும் வெவ்வேறு பொருள் கொண்டன. இலக்கணம் படித்தவர்கள் இவ்வழக்கை இன்னும் விரைவாகப் புரிந்துகொள்வார்கள் என்று தோன்றுகிறது.

1998 ஜூனில் விண்டோஸ் 98 வந்தபோது அந்தப் பட்டியலில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பெயரே இல்லை. தொண்ணூறு நொடி வழி அடைபட்டது. அதற்கு முந்தைய மாதத்திலேயே அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் சேர்ந்து பெரிய வழக்கைத் தொடுத்திருந்தன. அவ்வழக்கில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன், விண்டோஸ் 98இலிருந்து உலாவியை அகற்றும் நிரல் ஒன்றை எழுதிக் காட்டினார். அந்நிரலை இயக்கினால் விண்டோஸ் மந்தமாகிவிடுகிறது என்று காட்ட மைக்ரோசாஃப்ட் 1999இல் ஒரு காணொளியை முன்வைத்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் அதை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டார். சாளரத்தின் தலைப்புப் பட்டையிலிருந்த எழுத்துகள் நடுவில் மாறின. ஃபெல்டனின் நிரல் இயக்கப்பட்ட கணினியில் அவ்வெழுத்துகள் அப்படி இருக்க முடியாது. சாட்சிக் கூண்டிலிருந்த நிறுவன அதிகாரி ஜிம் ஆல்ச்சின் அதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒரு பேரரசின் வழக்கு தலைப்புப் பட்டையிலுள்ள சில எழுத்துகளில் தடுமாறியதைச் சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் வியப்பின்றி ஏற்பர்.

2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க ஆணை பிறந்தது. ஓராண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவினையை ரத்து செய்தது. இது பரவலாக அறியப்பட்டதே. அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. நீக்கும் பட்டியலிலிருந்து உலாவியின் பெயரை எடுத்தது, உலாவிக்கும் இயங்குதளத்துக்கும் உரிய நிரல்வரிகளை ஒரே கோப்பில் கலந்து வைத்தது ஆகிய இரண்டும் சட்டமீறல் என்ற முடிவை அந்நீதிமன்றம் உறுதி செய்தது. நீக்கவியலாமல் செய்வதே ஒரு குற்றமாகக்கூடும் என்று ஒரு நீதிமன்றம் எழுதிவைத்த இடம் இது. அதன் பின் சமரசம் வந்தது. விளைவு 2002இல் விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் திருத்தத் தொகுப்பில் தெரிந்தது. பயனர் விரும்பினால் உலாவிக்குச் செல்லும் வழிகளை மறைத்துக்கொள்ளலாம். மறைக்கலாம், அவ்வளவுதான்.

நீதிமன்றம் தராததைத் தனிமனிதர்கள் தாமே எடுத்துக்கொண்ட கதையும் இணையாக நடந்தது. ஆஸ்திரேலியரான ஷேன் புரூக்ஸ், விண்டோஸ் 98இன் முகப்பை விண்டோஸ் 95இன் முகப்பைக் கொண்டு மாற்றி உலாவியை வேரோடு எடுக்கும் ‘98லைட்’ என்னும் கருவியைச் செய்தார். பின்னாளில் எக்ஸ்பிக்கு ‘என்லைட்’ வந்தது. நினைவகம் குறைந்த பழைய கணினிகளை வைத்துக்கொண்டு அல்லாடியவர்களுக்கு இவை பெரும் உதவி. ஐரோப்பிய ஆணையம் 2004இல் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. அப்பதிப்பும் முழுப்பதிப்பும் ஒரே விலைக்குக் கிடைத்தன. ஒரே விலையில் குறைவானதை யார் வாங்குவார்?

இனித் தமிழுக்கு வருவோம். மேலே சொன்னவை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இணையத்தில் தமிழ் படிக்க விரும்பியவர்களின் துயரம் நேர் எதிரானது. கணினிக்குள் வேண்டாதவர் குடியிருப்பது அமெரிக்க நீதிமன்றத்தின் கவலை. கணினிக்குள் நமக்கு இடமே இல்லை என்பது நம் கவலை. ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கேட்டது. திஸ்கி ஒரு புறம், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் குறியீடுகள் மறு புறம். எழுத்துருவை இறக்கி நிறுவினால் தமிழ், இல்லையேல் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறிகளாகவும் ஏதோ ஒன்று. தஞ்சாவூரின் இணைய மையங்களில் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி அமர்ந்தவர், முதல் கால் மணி நேரத்தை எழுத்துரு இறக்குவதிலேயே செலவிட்டார். மையத்தின் கணினியில் புதிதாக எதையும் நிறுவ அனுமதியில்லை என்றால் அதுவும் வீண்.

2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000இல் ‘லதா’ என்னும் யூனிகோடு தமிழ் எழுத்துரு உள்ளடங்கி வந்தது. அதன் உருவ அழகைப் பற்றி அன்றே இருவேறு கருத்துகள் இருந்தன. நமக்கும் அதன் மீது பெரிய மோகம் இல்லை. ஆனால் அது உள்ளே இருந்தது. யாரும் இறக்க வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எக்ஸ்பி பரவப் பரவ லதாவும் பரவிற்று. ‘எ-கலப்பை’ என்ற அருமையான பெயர் கொண்ட தட்டச்சுக் கருவியைக் கொண்டு, யூனிகோடில் எழுதினால் அடுத்தவர் திரையில் தெரியும் என்ற நம்பிக்கையோடு தமிழர்கள் வலைப்பதிவு எழுதத் தொடங்கினர். மாக் கணினிகளில் முத்து நெடுமாறனின் ‘இணைமதி’ எழுத்துரு அதே போல் உள்ளே புகுந்தது. 2000களின் தமிழ் இணைய எழுத்து அத்தனையும் இவ்வாறு உடன் வந்த சீர்வரிசையின் மேல் எழுந்ததே. ஆகவே முன்னிறுவப்பட்ட அனைத்தும் களையே, பிடுங்கி எறிய வேண்டியதே என்று பேசுவோருடன் நம்மால் முழுமையாக உடன்பட முடியவில்லை. பண்ணையாள்களையும் குத்தகைதாரர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1952இலும் 1955இலும் சட்டம் வரவேண்டியிருந்த தஞ்சை மண்ணில் இருந்துகொண்டு, குடிநீக்கம் என்ற சொல்லை நாம் அவ்வளவு எளிதாக உச்சரிக்கவும் இயலாது.

தமிழ்நாட்டில் இயங்குதளத்தையே நீக்கிப் பார்த்த முயற்சியும் உண்டு. 2007 வாக்கில் சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அரசு வாங்கும் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக சூசே லினக்ஸ் இடம்பெற்றது. அதே 2007இல் சி-டாக் அமைப்பு ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் தொகுப்பை இந்திய மொழி வசதிகளுடன் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாணவர் கைக்கு வந்த கணினிகள் விண்டோஸ், பாஸ் இரண்டையும் தாங்கி வந்தன. கணினியைத் திறந்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். பூதலூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பல வீடுகளில் முதல் கணினி அதுதான். நாம் கண்டவரையில் மாணவர்கள் நீக்கக் கற்றுக்கொண்ட முதல் பொருள் பாஸ். அது பிடித்திருந்த இடத்தில் திரைப்படங்கள் சேமிக்கப்பட்டன. தனியாருடைய சரக்கை எளிதில் நீக்க முடியவில்லை, பொதுப்பணத்தில் உருவானது ஒரே மாலையில் போயிற்று. மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கற்கப்போன கணினிப் பயிற்சி மையங்களிலும் பின்னர் வேலை தேடிய அலுவலகங்களிலும் இருந்தது விண்டோஸ்தானே.

2012க்குப் பிறகு நீக்கலின் நுட்பம் மாறியது. விண்டோஸ் 8இலிருந்து செயலிகள் பொதிகளாக வரலாயின. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10இல் கேண்டி கிரஷ் விளையாட்டு கேட்காமலே வந்து அமர்ந்தது. இப்பொதிகளுக்கு இரண்டு இருப்பிடங்கள். ஒன்று பயனரின் கணக்கில் இருப்பது, மற்றொன்று இயங்குதளம் தன் களஞ்சியத்தில் வைத்திருக்கும் விதைநெல். பட்டியலில் நீக்கு என்பதை அழுத்தினால் பயனரின் படி மட்டும் போகும். அதே கணினியில் இன்னொருவருக்குப் புதுக்கணக்குத் தொடங்கினால் விதைநெல்லிலிருந்து மறுபடி முளைக்கும். இரண்டையும் எடுக்க பவர்ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தில் தனித்தனிக் கட்டளைகள் தர வேண்டும். அப்படி எடுத்தவையும் தொடக்க ஆண்டுகளில் பெரிய மேம்படுத்தல்களின்போது திரும்பி வந்ததுண்டு. இக்கட்டளைகளைத் தொகுத்து ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் துடைக்கும் கருவிகள் இணையத்தில் ஏராளம். அவற்றை ஆராயாமல் ஓடவிட்டுச் செயலிக் கடையையே இழந்தவர்களும் இருக்கிறார்கள். எட்ஜ் உலாவியின் உறுப்பை வேறு பல மென்பொருள்கள் சார்ந்திருப்பதால், அதை வேரோடு எடுத்தால் தொடர்பில்லாத ஏதோ ஒன்று நின்றுபோகும். 1998இல் உதவிக் குறிப்புகள்கூட உலாவியைக் கொண்டே இயங்குகின்றன என்று நிறுவனம் சொன்ன வாதத்தில் அப்போதும் ஓரளவு உண்மை இருந்தது. அந்தச் சார்பை உண்டாக்கியவரும் அவரே என்பது மறுபாதி.

சட்டத்தின் எல்லையைப் பொறுத்தும் நீக்கும் உரிமை வேறுபடுகிறது. ஐரோப்பாவின் எண்ணிமச் சந்தைச் சட்டம் 2024 மார்ச்சில் முழுமையாகப் பிடிமானம் பெற்றதையொட்டி, அங்குள்ள விண்டோஸ் கணினிகளில் எட்ஜ் உலாவியை முறைப்படி நீக்க வழி திறந்தது. இந்தியாவில் விற்கும் அதே கணினிக்கு அவ்வழி வரவில்லை. இங்கே போராட்டம் கைப்பேசியில் நடந்தது. 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு தொடர்பான வழக்கில் கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்னிறுவிய தன் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்பதும் அதன் கட்டளைகளுள் ஒன்று. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் நான்கு கட்டளைகளை ரத்து செய்தது. நீக்கும் உரிமை பற்றிய கட்டளை அந்நான்கில் அடங்கும். தொகை பெரியது என்பதால் செய்தித்தாள்கள் அபராதத்தையே தலைப்பாக்கின.

அரசே குடியேற்றும் தரப்பாக மாறியது 2025இல். நவம்பர் 28 தேதியிட்ட தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு, ‘சஞ்சார் சாத்தி’ செயலியைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் முன்கூட்டியே நிறுவ வேண்டும், அதன் செயற்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ இடமிருக்கக் கூடாது என்றது. தொலைந்த கைப்பேசியை முடக்கவும் மோசடி அழைப்புகளைப் புகார் செய்யவும் உதவும் செயலி அது, பயனுள்ளதே. ஆயினும் எதிர்ப்பு எழுந்தது. வேண்டாதவர் நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் விளக்கினார். டிசம்பர் 3ஆம் நாள் கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது. ஓர் அரசு உத்தரவு இவ்வளவு விரைவாகப் பின்வாங்கியது அரிது. செயலியின் நன்மை தீமைகளைவிட, நீக்க முடியாது என்ற சொல்தான் மக்களை உறுத்தியது என நினைக்கிறோம்.

மீயாட்சி உடையவர் தாமே குடிநீக்கம் செய்வதும் உண்டு. அதற்கு யாரும் வழக்குப் போட முடியாது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது பழைய சொலிடேர் உடன் வரவில்லை. விண்டோஸ் 10இல் விளம்பரங்களோடு திரும்பிற்று; விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா. 1995 முதல் இருந்துவந்த வேர்ட்பேட், விண்டோஸ் 11இன் 2024 பதிப்பில் எடுக்கப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே 2022 ஜூன் 15இல் விடைகொடுக்கப்பட்டது. எந்த உலாவியை எடுத்தால் இயங்குதளமே நின்றுவிடும் என்று நீதிமன்றத்தில் வாதிட்டார்களோ, அந்த உலாவி.

அந்த வரிசையில் லதாவும் உண்டு. விண்டோஸ் 8இலிருந்து ‘நிர்மலா’ என்னும் எழுத்துரு இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வந்தது. விண்டோஸ் 10 தொடங்கி, லதாவும் அதற்குப் பின் வந்த ‘விஜயா’வும் இயங்குதளத்தின் உள்ளடக்கத்திலிருந்து விலக்கப்பட்டு, வேண்டியவர் தனியே நிறுவிக்கொள்ளும் விருப்பக்கூறாக வைக்கப்பட்டன. தமிழ் எழுத்துருக்களுக்கு ஏன் இப்படிப் பெண்பெயர்களாகவே சூட்டினார்கள் என்பது தனிக்கட்டுரைக்கு உரியது. யாரும் கொடி பிடிக்கவில்லை, பலருக்குத் தெரியவும் இல்லை. திரையில் தமிழ் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது, நிர்மலாவின் தயவில்.

தெரியவருவது பழைய கோப்பைத் திறக்கும்போது. பதினைந்தாண்டுகளுக்கு முன் லதாவில் தட்டச்சிட்ட ஆய்வேட்டையோ கல்லூரி மலரையோ புதிய கணினியில் திறந்தால், வரிகள் வேறிடத்தில் முறிகின்றன, அட்டவணைகள் அடுத்த பக்கத்துக்கு வழிகின்றன, பொருளடக்கத்தில் போட்ட பக்க எண்கள் பொருந்துவதில்லை. லதாவைத் திரும்பக் கொணர, கணினியின் அமைப்புகள் பகுதியில் விருப்பக்கூறுகளைத் திறந்து, தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்பதைத் தேடிச் சேர்க்க வேண்டும். இணைய இணைப்பு வேண்டும், சில நிமிடங்கள் ஆகும். சேர்த்த பின் கோப்பை மூடித் திறந்தால் பக்க எண்கள் பழைய இடத்துக்கு வந்துவிடுகின்றன.